பெட்டி ஏன் எதிர்ப்பக்கம் போகிறது? மலையில் டிரெய்லர் ஓட்டப் பழகுபவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் டிராக்டர் பழகும் பையன்களிடம், "டிரெய்லரை எப்படித் தம்பி ரிவர்ஸ் எடுப்பே?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாத்தையும் தலைகீழாச் செய்யணும்ணே. பெட்டி வலது பக்கம் போகணும்னா இடது பக்கம் ஒடிக்கணும்" என்பார்கள். டீக்கடையில் கேட்டாலும் இதே பதில்தான். டிரெய்லரைத்தான் இங்கே பெட்டி என்போம், ஸ்டியரிங்கைத் திருப்புவதை ஒடிப்பது என்போம்.

என் அக்கா மகனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு ஐப்பசி மழை நாளில், இலை இறக்கிவிட்டு வந்த காலிப் பெட்டியை எஸ்டேட் பாதையில் பின்னால் எடுத்தான். இடது பக்கம் ஒடித்தான், பெட்டி வலது பக்கம் திரும்பியது. சரியாகத்தான் போகிறது என்று ஸ்டியரிங்கை அப்படியே பிடித்துக்கொண்டான். இரண்டு மூன்று மீட்டருக்குள் பெட்டி மடங்கி, அதன் முன்மூலை டிராக்டரின் பின்டயரை அழுத்திக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. இறங்கி வந்து, "மாமா, சொன்னபடிதானே செஞ்சேன்?" என்று கேட்டான்.

சொன்னபடிதான் செய்திருந்தான். அவனுக்குச் சொன்னது பாதிப் பாடம். மீதிப் பாதியை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். குன்னூர், கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பச்சை இலையையும் உரத்தையும் விறகையும் டிராக்டர் பெட்டிதான் சுமக்கிறது. தட்டையான நிலம் அரிதான ஊரில் இந்த வேலையை அரைகுறையாகக் கற்பது ஆபத்து.

இழுப்பது வேறு, தள்ளுவது வேறு

ஒரு கயிற்றைத் தரையில் போட்டு ஒரு முனையைப் பிடித்து இழுங்கள். எவ்வளவு வளைந்து கிடந்தாலும் நேராகிவிடும். அதே கயிற்றைப் பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள், எங்கேயாவது ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு சுருளும். கயிறு ஒன்றுதான், இழுக்கும்போது அதன் கோணல் தானாகத் தீர்கிறது, தள்ளும்போது கோணல் வளர்கிறது.

டிரெய்லரும் இப்படித்தான். முன்னால் போகும்போது கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கொஞ்ச தூரம் இழுத்தால் டிராக்டருக்குப் பின்னால் நேராக வந்துவிடும். ஓட்டுபவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ரிவர்ஸில் ஒரு விரற்கடைக் கோணலையும் கவனிக்காமல் விட்டால் அது ஒரு சாணாகும், சாண் முழமாகும்.

துடைப்பத்தைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். அது சாயத் தொடங்கும் பக்கம் கையை உடனே நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். "சரியா நிறுத்திட்டோம்" என்று கையை அசையாமல் வைத்தால் விழும். ரிவர்ஸில் போகும் டிரெய்லர் உள்ளங்கையில் நிற்கும் துடைப்பம். தரையில் படுத்த நிலையில் நடக்கும் அதே விளையாட்டு. என் அக்கா மகன் கையை அசையாமல் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான் நடந்தது.

ஸ்டியரிங் திருப்புவது எதை?

டிராக்டரின் பின்னால் இருக்கும் கொக்கியில் டிரெய்லரின் நீண்ட முன்கம்பியை வைத்து, மேலிருந்து ஒரு இரும்பு முள்ளைச் செருகுகிறோம். இதைப் "பின்" என்போம். இந்தக் கட்டுரையில் இதை இணைப்பு முள் என்றே சொல்கிறேன், "பின்பக்கம்" என்பதோடு குழம்பாமல் இருக்கட்டும். டிரெய்லரைப் பொறுத்தவரை நம் ஸ்டியரிங் என்ன, எஞ்சின் என்ன, ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இந்த முள் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது மட்டும்தான்.

ரிவர்ஸ் கியரில் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கிறீர்கள். டிராக்டரின் பின்பாகம் வலது பக்கம் போகும். முள்ளும் வலது பக்கம் போகும். முள் டிரெய்லரின் முன்முனையை வலது பக்கம் தள்ளும். டிரெய்லர் தன் சக்கரத்தை அச்சாக வைத்துத் திரும்பும், ஆகவே அதன் வால் இடது பக்கம் போகும். கதவின் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால், கீலுக்கு அந்தப் புறமும் கதவு நீண்டிருந்தால் அந்த முனை எதிர்ப்பக்கம்தானே வரும்? இந்த எதிர்ப்பக்கக் கதையில் மாயம் எதுவும் கிடையாது.

வீட்டில் பிள்ளைகளின் பொம்மை டிராக்டர் இருந்தால் எடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். பெட்டியைத் தொடாதீர்கள். டிராக்டரை மட்டும் பிடித்துப் பின்னால் தள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணுக்கே புரியும். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதல் பாடம் இந்தப் பொம்மைதான்.

துரத்திப் போவதுதான் மீதிப் பாதி

எதிர்ப்பக்கம் ஒடிப்பது கோணத்தை உண்டாக்க மட்டும். கோணம் வந்தவுடன் அந்த வேலை முடிந்தது. அப்புறமும் பிடித்துக்கொண்டே இருந்தால் கோணம் வளர்ந்துகொண்டே போகும். ஆகவே பெட்டி திரும்பத் தொடங்கியதுமே ஸ்டியரிங்கை மறுபக்கம் கொண்டுவர வேண்டும். பெட்டியின் வால் இடது பக்கம் போகிறதா, இப்போது இடது பக்கம் ஒடித்து டிராக்டரையும் அதன் பின்னாலேயே போகவிட வேண்டும். கன்றுக்குட்டி ஓடும் பக்கம் நாமும் ஓடித்தானே பிடிக்கிறோம், அதே போல. இதை நான் துரத்தல் என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். "தலைகீழாச் செய்" என்ற பாடத்தில் விடுபட்டுப்போனது இதுதான். தொடக்கம் தலைகீழ், தொடர்வது நேர்.

வலது இடது குழப்பத்துக்கு ஓட்டுநர்கள் கைவழியாகச் சொல்லும் ஒரு வழி உண்டு. ஸ்டியரிங்கின் மேல்பக்கத்தைப் பிடிக்காமல் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள், கடிகாரத்தில் 6 இருக்கும் இடம். பெட்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மனத்துக்குள் கணக்குப் போட வேண்டியதில்லை. டிராக்டரில் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்துத்தான் ஓட்டுவோம். அப்படித் திரும்பியதுமே நமது வலது இடது மாறிப்போகிறது, பாதிக் குழப்பம் அங்கேதான். கை அடியில் இருந்தால் கண் பார்க்கும் பக்கத்துக்கே கை போகும்.

எவ்வளவு ஒடிப்பது? பழகுபவர்கள் எல்லோரும் வேண்டியதைவிட அதிகம் ஒடிக்கிறார்கள், தாமதமாகவும் ஒடிக்கிறார்கள். ஒடித்த உடனே பெட்டி அசையாது. முள் கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் அது திரும்பும். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து இன்னும் ஒடிப்பார்கள், பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும். ஆகவே தாழ்ந்த கியரில், ஆள் நடக்கும் வேகத்துக்கும் கீழே, கொஞ்சமாக ஒடித்து, என்ன நடக்கிறது என்று பார்த்து, மறுபடி ஒடிக்க வேண்டும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: ரிவர்ஸில் கோணல் தானாகத் தீராது, வளரும். முள்ளை ஒரு பக்கம் தள்ளினால் வால் எதிர்ப்பக்கம் போகும். கோணம் வந்ததும் துரத்த வேண்டும்.

திரும்ப முடியாத கோணம்

கோணம் ஒரு அளவைத் தாண்டிவிட்டால் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தாலும் ரிவர்ஸில் அதைச் சரிசெய்ய முடியாது. இன்னும் பின்னால் போனால் மடிவது ஒன்றே வழி. மடக்குக்கத்தி மூடுவதுபோல டிராக்டரும் பெட்டியும் ஒன்றை ஒன்று நெருங்குவதை மடிதல் என்கிறோம்.

இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும். முள்ளிலிருந்து டிரெய்லர் சக்கரம் வரை உள்ள நீளம்தான் முக்கியம். நீளம் அதிகமானால் பெட்டி மெதுவாகத் திரும்பும், திருத்த நேரம் கிடைக்கும். குட்டையானால் சட்டென்று திரும்பும். உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தலாம், பென்சிலை நிறுத்த முடியாது, அதே காரணம். ஜீப்பின் பின்னால் மாட்டும் சின்ன டிரெய்லர் பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் ரிவர்ஸில் பெரிய பெட்டியைவிட அதுதான் படுத்தும். பலர் சின்னதில் பழகிவிட்டுப் பெரியதற்குப் போகலாம் என்று நினைக்கிறார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி.

இரண்டு அச்சு, நாலு சக்கரம் உள்ள பெட்டி வேறு வகை. அதன் முன்சக்கரங்கள் ஒரு வட்டத் தட்டின்மேல் தனியாகத் திரும்பும். ஆகவே மூட்டு இரண்டு, ஒரு துடைப்பத்தின்மேல் இன்னொரு துடைப்பம். பழகுபவர்கள் அதை ரிவர்ஸ் எடுக்க முயலவே வேண்டாம், முன்னால் போய்த் திருப்பிக்கொள்ள இடம் பார்த்து ஓட்டுங்கள்.

கோணம் கைமீறுகிறது என்று தோன்றிய அந்த நொடியில் நிறுத்துங்கள். முதல் கியரைப் போட்டு, வேண்டிய தூரம் முன்னால் இழுங்கள். கயிறு நேரானதுபோல் பெட்டி நேராகும். மறுபடி தொடங்குங்கள். பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முன்னால் எடுக்க வெட்கப்பட்டுத்தான் பலர் மட்கார்டை நசுக்கியிருக்கிறார்கள். இருபது வருடம் ஓட்டியவரும் நாலு முறை முன்னால் எடுத்துத்தான் பின்னால் விடுவார்.

மலை ரயில் மட்டும் எப்படித் தள்ளிக்கொண்டு போகிறது?

தள்ளுவது இவ்வளவு ஆபத்தென்றால் நம்ம ஊர் ரயில் எப்படிப் போகிறது என்று ஒரு பையன் கேட்டான். அருமையான கேள்வி. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த நீலகிரி மலை ரயிலில், கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில் ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. அங்கே சரிவு 12 அடிக்கு 1 அடி வரை. எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருந்தால்தான் ஒரு இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியாகக் கீழே ஓடிவிடாமல் தாங்கிக்கொள்ளும்.

தள்ளியும் ஏன் மடிவதில்லை? இரண்டு பக்கமும் தண்டவாளம் பிடித்திருக்கிறது. கோணல் உண்டாக இடமே இல்லை. நம் டிரெய்லருக்குத் தண்டவாளம் கிடையாது. அந்த வேலையை ஓட்டுநரின் கை ஒவ்வொரு நொடியும் செய்ய வேண்டும்.

இந்த ரயிலில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். இறங்கும்போது எஞ்சின் மட்டும் எல்லாப் பாரத்தையும் பிடிப்பதில்லை, பெட்டிகளுக்கும் பிரேக் உண்டு. நம் ஊரில் ஓடும் டிராக்டர் பெட்டிகள் பலவற்றுக்குச் சொந்த பிரேக் இல்லை. அடுத்ததாகச் சொல்லப்போவது அதனால் வருவது.

இறக்கத்தில் மடிவது வேறு சங்கதி

ரிவர்ஸில் மடிந்தாலும் "மடிஞ்சிடுச்சு" என்கிறோம், மலை இறங்கும்போது மடிந்தாலும் அதே வார்த்தை. பார்க்க ஒன்று போலிருந்தாலும் இரண்டுக்கும் காரணம் வேறு. முதலாவது மெதுவாக வரும், நிறுத்தினால் நிற்கும். இரண்டாவது ஒரு மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும். மலையில் உயிரை எடுப்பது இரண்டாவதுதான்.

பெட்டியும் பாரமும் சேர்ந்து 3 டன் என்று வைப்போம். ரயில் பாதையின் அந்த 12-க்கு 1 சரிவிலேயே இறங்கினால், பாரத்தில் 12-ல் ஒரு பங்கு, அதாவது 250 கிலோ, முள்ளின் வழியாக டிராக்டரை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். 50 கிலோ மூட்டை ஐந்து உங்கள் முதுகில் சாய்ந்தபடி வருவதுபோல. இது சீராகப் போகும்போது. பிரேக் பிடித்தால் ஓடிவரும் பெட்டியின் வேகமும் இதனுடன் சேரும். டிராக்டரும் பெட்டியும் ஒரே கோட்டில் இருக்கும்வரை இந்தத் தள்ளல் நேராகப் போகும். வளைவில் இரண்டும் கோணத்தில் இருக்கும்போது டிராக்டரின் பின்பாகத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த நேரம் பின்டயர் ஈரத்திலோ யூகலிப்டஸ் சருகிலோ பிடிப்பு இழந்தால் டிராக்டர் சுழன்றுவிடும்.

தொடங்கிய பிறகு செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். எல்லாத் தடுப்பும் இறக்கத்தின் தலையில், வண்டி நிற்கும்போதே நடக்க வேண்டும்.

டிராக்டரில் வலது இடது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. வயலில் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துக் குறுகிய இடத்தில் திரும்புவதற்காக வைத்தது. ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் ஒரு கொண்டியால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் இறக்கத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நிற்கும், டிராக்டர் அந்தப் பக்கம் வெட்டித் திரும்பும், பின்னாலிருந்து 3 டன் தள்ளும். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடத்தில் இறங்கிப் பார்த்து அந்தக் கொண்டியைப் போடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவிருக்கும் என்றால் இது இருக்கட்டும்.

கியரும் அப்படித்தான். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தத் தாழ்ந்த கியரைத் தலையிலேயே போட்டுவிட்டு இறங்குங்கள். எஞ்சின் தானே வேகத்தைப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. நடு இறக்கத்தில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்தால் அந்த நொடி எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. கியர் மறுபடி விழாமல் போனால் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தாலும் கேட்காதீர்கள்.

சுருக்கமாக: ரிவர்ஸ் மடிப்பைக் கையால் திருத்தலாம். இறக்கத்து மடிப்பைப் புறப்படும் முன்பே தடுக்க வேண்டும்.

பாரத்தை எங்கே வைப்பது

மாட்டுவண்டி பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. பின்கனம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்கனம் அதிகமானால் மாடு கழுத்தைத் தூக்க முடியாமல் திணறும். வண்டிக்காரர் அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் விழும்படி அடுக்குவார்.

ஒரு அச்சுப் பெட்டியிலும் அதே கணக்கு. மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முள்ளின்மேல் இறங்கினால் நல்லது. பின்கனமானால் பெட்டி முள்ளை மேலே தூக்கும், டிராக்டரின் பின்டயர் தரையில் அழுந்துவது குறையும், பிடிப்பு போகும். சமவெளியில் கட்டிய பாரம் ஏற்றத்தில் பின்னால் சரியும் என்பதை நினைத்து, மூட்டைகளை நெருக்கி அடுக்கிக் கயிறு போடுங்கள்.

பெட்டியை டிராக்டரின் தாழ்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டி இழுத்தால் ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். முன்சக்கரம் தூக்கினால் ஸ்டியரிங் இல்லை. இன்னும் தூக்கினால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும்.

கொண்டை ஊசி வளைவில்

சிறு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பினால், நாம் சுற்றி வந்தாலும் பிள்ளை சுவரை ஒட்டி வரும். பெட்டியும் வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும். டிராக்டர் தாண்டிய கல்லைப் பெட்டிச் சக்கரம் ஏறும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே உள்பக்க வடிகாலில் சக்கரத்தை விட்டவர்கள் எல்லோரும் தன் டயரைப் பார்த்தார்கள், பெட்டியின் டயரைப் பார்க்கவில்லை. ஆகவே வளைவுக்குள் தாமதமாக ஒடிக்க வேண்டும். அதற்கு ரோட்டின் அகலம் முழுவதும் தேவைப்படலாம் என்பதால் எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து, ஹாரன் அடித்து, வருகிறதென்றால் முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. டிரெய்லரோடு இறங்குபவர் இதைப் பத்து மீட்டர் முன்னதாகவே நினைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். பாரம் முழுவதும் டிராக்டர்மேல் சாய்ந்திருக்க, ஈர ரோட்டில் மேல்நோக்கித் தள்ளுவதைப் போலக் கடினமானது வேறில்லை. கீழ்நோக்கி ரிவர்ஸ் எடுத்தால் தள்ளும் சிரமம் இருக்காது, ஆனால் கோணல் வளரும் கணக்கு மாறாது. பெட்டி கீழே இழுப்பதால் எல்லாம் வேகமாக நடக்கும்.

பக்கத்தில் நிற்பவர்கள்

பின்னால் ஒருவர் நின்று பார்த்துச் சொல்வது நல்லது, ஒரே ஒருவர். மூன்று பேர் மூன்று பக்கமிருந்து "வரலாம் வரலாம்" என்று கத்தினால் ஒன்றுமே விளங்காது. அவர் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாத நொடியில் வண்டி நிற்க வேண்டும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலோ, டிராக்டருக்கும் பெட்டிக்கும் நடுவிலோ அவர் நிற்கக்கூடாது. மூடுபனி இறங்கி அவரே தெரியவில்லை என்றால் அன்றைக்கு ரிவர்ஸ் வேண்டாம்.

பெட்டியில் ஆட்களை ஏற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை வரும்போது இலை பறிக்கும் பெண்கள் நனைந்து நடக்கையில் "ஏறிக்கோங்க அக்கா" என்று சொல்லத்தான் மனம் வரும். சரக்குப் பெட்டியில் ஆள் ஏற்ற சட்டம் இடம் கொடுக்கவில்லை. சட்டத்தை விடுங்கள், இறக்கத்தில் மடிந்தால் என்ன ஆகும் என்று மேலே படித்தீர்கள். பெட்டிக்குள் இருப்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை.

பழகுவதற்குக் காலிப் பெட்டி, காய்ந்த தரை, முடிந்த அளவு சமமான மைதானம் போதும். காலிச் சாக்குகளை இரண்டு வரிசையாகப் போட்டு, நடுவில் நேராகப் பத்து மீட்டர் பின்னால் எடுங்கள். திருப்பம் அப்புறம். நேராகப் பின்னால் எடுப்பதுதான் கடினம் என்று முதல் நாளே தெரிந்துவிடும். அது கைக்கு வந்த பிறகு வளைவு, அதற்குப் பிறகு சரிவு, கடைசியில்தான் பாரம்.

சரிவில் பெட்டியைக் கழற்றுவதாக இருந்தால் முள்ளை உருவும் முன்பு பெட்டிச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இரண்டு பக்கச் சக்கரத்துக்கும். கட்டை இல்லாமல் ரோட்டோரக் கல்லை வைத்திருந்தால், புறப்படும்போது இறங்கிப்போய் அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டு வாருங்கள். இருட்டிய பிறகு அதே வளைவில் பைக்கில் இறங்கி வருபவருக்கு அந்தக் கல் தெரியாது.